நாற்பது நிமிடச் சுதந்திரம்

வாரத்தில் ஒரு பீரியடை மாணவர்களின் விருப்பத்துக்கே விட்டுவிடும் யோசனை இந்தியாவுக்குப் புதிதல்ல. அது ஏன் ஒவ்வொரு முறையும் தெர்மோகோல் மாடலில் போய் முடிகிறது?

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவருக்குக் கல்வித் துறையின் போக்கு நன்றாகவே தெரியும். சூரியக் குடும்பம் ஒரு விலை, எரிமலை ஒரு விலை, மழைநீர் சேகரிக்கும் வீடு சற்றுக் கூடுதல். தேசத் தலைவர்கள், காய்கறிகள், போக்குவரத்துச் சாதனங்கள் என்று படங்கள் அச்சிட்ட சார்ட்டுகள் கயிற்றில் தொங்கும். வெட்டி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆசிரியர் கொடுத்த தலைப்பு, கடைக்காரர் கொடுத்த படம், அம்மா தடவிய பசை, அப்பா ஆபீஸ் பிரிண்டரில் எடுத்துவந்த நான்கு பக்கங்கள் எல்லாம் சேர்ந்தால் அதற்குப் பெயர் 'ப்ராஜெக்ட்'. மாணவனின் பங்கு, மேலட்டையில் பெயரும் வகுப்பும் எழுதுவது. அதையும் கையெழுத்து நன்றாக உள்ள அக்கா எழுதிவிடுவதுண்டு.

இதில் இல்லாத ஒரே சமாச்சாரம் குழந்தையின் கேள்வி. எரிமலை ஏன் வெடிக்கிறது என்று அந்தக் குழந்தை ஒருநாளும் கேட்கவில்லை. அது கேட்டிருக்கக்கூடியது வேறு. மழை வருவதற்கு முன் எறும்பு ஏன் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது? பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கை ஏன் நடுங்குகிறது? கடையில் வாங்கும் தோசை மாவு ஏன் வீட்டு மாவு போலப் புளிப்பதில்லை? இந்தக் கேள்விகளுக்கு டைம் டேபிளில் பீரியட் கிடையாது.

அப்படி ஒரு பீரியட் கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. வாரத்தில் ஒரு மணி நேரம். எதைப் பற்றி என்பதை மாணவன் முடிவு செய்வான். தேடுவது, செய்து பார்ப்பது, தோற்பது, கடைசியில் வகுப்பின் முன்னால் நின்று சொல்வது, எல்லாம் அவன் பொறுப்பு. அமெரிக்கப் பள்ளிகளில் 2010-க்குப் பிறகு 'ஜீனியஸ் அவர்' என்ற பெயரில் இது பரவியது. பள்ளிகள் முன்மாதிரியாகக் காட்டியது கம்பெனிகளை. ஊழியர்கள் தங்கள் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று கூகுள் நிறுவனர்கள் 2004-ல் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் பெருமையாகக் குறிப்பிட்டார்கள். அதற்கும் வெகு காலம் முன்பே த்ரீ எம் கம்பெனி 15 சதவீத நேரத்தைத் தன் விஞ்ஞானிகளுக்கு விட்டுக்கொடுத்தது. மேஜை மேஜையாக ஒட்டிக்கிடக்கும் மஞ்சள் துண்டுச் சீட்டு அந்தக் கம்பெனியின் தயாரிப்பு.

ஆனால் குழந்தைக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதை இந்தியா கம்பெனிகளிடம் கற்க வேண்டிய அவசியம் இல்லை. தாகூர் 1901-ல் சாந்திநிகேதனில் மரத்தடியில் பள்ளி தொடங்கியதே, தான் சிறுவயதில் தப்பித்து ஓடிய வகுப்பறைகளுக்கு மாற்றாகத்தான். குஜராத்தின் பாவ்நகரில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்த கிஜுபாய் பதேக்கா 1920-ல் பால மந்திர் என்ற குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். 'மீசை வைத்த அம்மா' என்று ஊர் அவரைச் செல்லமாக அழைத்தது. அவர் எழுதிய 'திவாஸ்வப்னா' (பகற்கனவு) என்ற சிறு புத்தகம் இன்றும் பல இந்திய மொழிகளில் ஆசிரியர்களின் கைகளில் இருக்கிறது. கல்வி அதிகாரியிடம் கெஞ்சி, நான்காம் வகுப்பு ஒன்றை ஒரு வருஷத்துக்கு வாங்கி, தன் இஷ்டப்படி நடத்திப் பார்க்கும் ஓர் ஆசிரியரின் கதை அது.

அந்தப் புத்தகத்தில் கவனிக்க வேண்டிய இடம், ஆசிரியரின் முதல் நாள் தோல்வி. அமைதி விளையாட்டு என்று அழகாகத் திட்டமிட்டு வருகிறார். பையன்கள் கூச்சலிட்டு வகுப்பைக் கவிழ்த்துவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் லீவு விட்டு அனுப்புகிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்கிய பிறகுதான் வகுப்பு அவர் பக்கம் திரும்புகிறது. சுதந்திரத்தைப் பழக்கப்படுத்தாமல் திடீரென்று கொடுத்தால் முதலில் கிடைப்பது இரைச்சல்தான் என்பதை 90 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். இன்று 'விருப்பப் பீரியட்' தொடங்கிவிட்டு, இரண்டாவது வாரமே "பசங்க ஆட்டம் போடறாங்க" என்று நிறுத்திவிடும் தலைமை ஆசிரியர்கள் இதைப் படிப்பது நல்லது.

சாந்திநிகேதனும் பாவ்நகரும் தனி மனிதர்களின் பள்ளிகள். சாதாரண அரசுப் பள்ளியில், மாற்றல் உத்தரவுக்குப் பயப்படும் சாதாரண ஆசிரியர்களை வைத்துக்கொண்டு இப்படி ஏதாவது செய்ய முடியுமா? முடியும் என்று 30 வருஷம் காட்டிய இடம் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் உள்ள ஹோஷங்காபாத் மாவட்டம். இப்போது அதன் பெயர் நர்மதாபுரம்.

1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம். கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரண்டு தன்னார்வ அமைப்புகள் மாநில அரசிடம் அனுமதி வாங்கி ஆரம்பித்தன. டில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்தார்கள். 1978-ல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. 1982-ல் இதைக் கவனித்துக்கொள்ள 'ஏகலவ்யா' என்ற அமைப்பு உருவானது.

'பால வைக்ஞானிக்' என்ற அவர்களுடைய பாடப் புத்தகத்தில் விடைகள் இல்லை. சோதனை எப்படிச் செய்வது என்று சொல்லிவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்டு நிறுத்திக்கொள்ளும். நான்கு நான்கு பேராக உட்கார்ந்து பிள்ளைகள் செய்து பார்த்து எழுதினால்தான் புத்தகம் முழுமையாகும். சாமான்களும் பெரும்பாலும் கைக்கு எட்டியவை. சைக்கிள் வால்வ் ட்யூபையும் தீக்குச்சியையும் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் கட்டும் விளையாட்டு இங்கேதான் 1978-ல் பிறந்தது. ஐ.ஐ.டி.யில் படித்து, டெல்கோ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அரவிந்த் குப்தா லீவு போட்டுவிட்டு வந்து கண்டுபிடித்தது அது. பிறகு அவர் குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

புத்தகம் சொன்ன சோதனைகளைத்தான் பிள்ளைகள் செய்தார்கள். அந்த அளவில் இது முழுச் சுதந்திரம் அல்ல. ஆனால் சொந்தக் கேள்விகளுக்கு ஒரு தனி வாசல் வைத்திருந்தார்கள். அதன் பெயர் சவாலிராம். 'சவால்' என்றால் இந்தியில் கேள்வி. சவாலிராம் என்பது ஒரு கற்பனை மனிதர். எந்தக் குழந்தையும் எந்தக் கேள்வியையும் அவருக்குக் கடிதமாக எழுதலாம். பதில் எழுத உண்மையான ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடிதங்கள் வந்து குவிந்தன. கேள்வி கேட்டால் உதை விழாது, பதில் வரும் என்ற நம்பிக்கை ஒரு மாவட்டத்தின் பிள்ளைகளுக்கு ஒரு தபால் கார்டு மூலமாகக் கிடைத்தது.

பரீட்சையையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். கூடவே செய்முறைத் தேர்வு. மனப்பாடத்துக்கு வேலை இல்லாதபடி கேள்விகள் அமைந்தன. ஆசிரியர்களுக்குக் கோடையில் நீண்ட பயிற்சி, மாதம் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் "இந்தச் சோதனை என் வகுப்பில் வரவில்லை" என்று ஓர் ஆசிரியர் தைரியமாகச் சொல்ல முடிந்தது. அடுத்த பதிப்பில் புத்தகம் திருத்தப்பட்டது. குழந்தை கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் ஆசிரியர் கேள்வி கேட்க வேண்டும் என்ற விதி அங்கே நடைமுறையில் இருந்தது.

ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் சுமார் 1,000 பள்ளிகளுக்குப் பரவிய இந்தத் திட்டத்தை 2002-ல் மத்தியப் பிரதேச அரசு நிறுத்தியது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடப் புத்தகம் இருக்கட்டும் என்றார்கள். இந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் பின்தங்குகிறார்கள் என்றும் ஒரு குற்றச்சாட்டு. நாட்டின் பல பாகங்களிலிருந்து விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எழுதிய கண்டனங்கள் எடுபடவில்லை. எட்டாம் வகுப்பு வரை ஏன், எப்படி என்று கேட்டுப் பழகிய குழந்தையை ஒன்பதாம் வகுப்பில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று உட்கார வைத்தால் திணறத்தான் செய்யும். மாற்ற வேண்டியது எட்டாம் வகுப்பையா, பத்தாம் வகுப்புப் பரீட்சையையா என்ற கேள்விக்கு அரசு தேர்ந்தெடுத்தது சுலபமான விடையை.

மாணவர்களுக்கு நேரம் கொடுப்பதை எதிர்ப்பவர்கள் எல்லோரும் பிற்போக்குவாதிகள் அல்ல. அவர்களுடைய வாதங்களில் ஒன்று மிகவும் கனமானது. 2024-ல் 'அசர்' அமைப்பு எடுத்த கிராமப்புறக் கணக்கின்படி, அரசுப் பள்ளி ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கு விருப்ப ஆராய்ச்சி ஒரு கேடா என்று கேட்கிறார்கள். வீட்டில் புத்தகமும் படித்த பெற்றோரும் உள்ள குழந்தை பள்ளியில் விளையாடிவிட்டுப் போனாலும் மாலையில் வீடு அதைப் படிக்க வைத்துவிடும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்குப் பள்ளியை விட்டால் கதி இல்லை. அதன் நேரத்தில் கை வைப்பது பாவம் என்பது வாதம்.

இது அலட்சியமாகத் தள்ள முடியாத வாதம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 நாட்கள், 1,000 மணி நேரம் கற்பித்தல் வேண்டும் என்கிறது. வாரத்துக்கு 40 நிமிடப் பீரியட் ஒன்றை ஒதுக்கினால் ஆண்டு முழுவதும் சேர்ந்து 30 மணி நேரம்கூட வராது. நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவு. மீதி 97 பங்கில் எழுத்துக் கூட்டக் கற்றுத்தர முடியாத பள்ளி, இந்த மூன்று பங்கைச் சேர்த்துக்கொண்டால் மட்டும் கற்றுத்தந்துவிடும் என்று நம்புவது கடினம். தவிர, படிக்கக் கற்பதற்கு ஒரு காரணம் வேண்டும். கோழி வளர்ப்பு பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படும் பையன் கோழித் தீவனப் பையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்ப்பான். 'அணில் ஆடும்' என்று பத்து முறை எழுதுவதற்கு அப்படிப்பட்ட காரணம் ஏதும் இல்லை. வாசிப்புப் பாடத்தை இந்த ஒரு பீரியட் ஈடுசெய்யாது. அதற்கு ஒரு பசியை உண்டாக்கலாம், அவ்வளவே.

இரண்டாவது ஆட்சேபம் சரித்திரத்திலிருந்து வருவது. தமிழர்களுக்கு அது நன்றாகவே ஞாபகம் இருக்கும். 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் பள்ளி நேரம் ஐந்தரை மணி. அதில் மூன்று மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு என்று ஜாகிர் உசேன் குழு அட்டவணை போட்டது. கையால் செய்து கற்பது என்ற அளவில் அது புரட்சி. ஆனால் ராட்டையைத் தேர்ந்தெடுத்தது குழந்தை அல்ல. 1953-ல் சென்னை மாகாணத்தில் முதல்வர் ராஜாஜி கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே வகுப்பு என்று கொண்டுவந்தார். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் பழகலாம். பெரியாரும் தி.மு.க.வும் அதைக் 'குலக் கல்வி' என்று அழைத்துத் தெருவில் இறங்கினார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

அந்தச் சண்டை கற்றுத்தந்த பாடம் இன்றைக்கும் செல்லும். வெறும் ஓய்வு நேரத்தைக் கொடுத்துவிட்டு "உன் இஷ்டம்" என்று சொன்னால் வசதியுள்ள குழந்தை பியானோ கற்கும். குயவரின் குழந்தை களிமண் மிதிக்கும். தேர்ந்தெடுக்க வேண்டுமானால் முன்னால் நாலு விஷயங்கள் இருக்க வேண்டும். குயவரின் மகள் தொலைநோக்கியைத் தொட்டுப் பார்த்த பிறகு, "இல்லை, மண் சட்டியில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்" என்று சொன்னால் அது விருப்பம். தொலைநோக்கியையே பார்க்காமல் சொன்னால் அது விதி.

புதிய தேசியக் கல்விக் கொள்கை (2020) இந்த வித்தியாசத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் 10 நாட்கள் 'பையில்லா நாட்கள்' வேண்டும் என்கிறது அது. மாணவர்கள் உள்ளூர்க் கைவினைஞர்களிடம் பழகலாம். தச்சு, மின்வேலை, உலோக வேலை, தோட்டம், மண்பாண்டம் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. எந்தத் தொழில் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மாநில அரசுகளும் உள்ளூர் சமூகமும் என்று கொள்கை ஆவணமே எழுதிவைத்திருக்கிறது. 12 வயதுப் பெண்ணிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்கும் இடம் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் இதைக் குலக் கல்வியின் மறுவரவு என்று திராவிடக் கட்சிகள் சொன்னதற்கு அரசியல் காரணங்கள் உண்டு. அரசியலுக்கு அப்பாலும் அந்தச் சந்தேகம் நியாயமானதே.

பை என்றதும் ஒரு பழைய கதை. 1989-ல் ராஜ்ய சபாவில் நியமன உறுப்பினர் ஆர்.கே. நாராயண் தன் கன்னிப் பேச்சைப் பள்ளிப் பிள்ளைகளின் புத்தக மூட்டைக்காகச் செலவிட்டார். மால்குடியின் சுவாமிநாதனைப் படைத்தவருக்கு வேறு எதைப் பேசத் தோன்றும்? அதன் பிறகுதான் விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, 1993-ல் 'சுமையின்றிக் கற்றல்' என்ற அறிக்கை வந்தது. பையின் எடையைவிட, புரியாமல் படிப்பதன் எடைதான் அதிகம் என்று சொன்ன அறிக்கை அது. பலரும் பாராட்டினார்கள். பை இன்னும் இறங்கவில்லை.

அதே 1993-ல் வேறொரு காரியமும் நடந்தது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியது. பத்து முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரிலேயே ஒரு பிரச்னையை எடுத்து ஆராய்ந்து வர வேண்டும். ஊர்க் குளம், கிணற்று நீர், குப்பை எதுவானாலும் சரி. பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் சேரலாம் என்பது இதன் விசேஷம். ஆனால் இது பள்ளிக்கு வெளியே, ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் தன் சனிக்கிழமையைத் தியாகம் செய்யும் இடத்தில் மட்டும் நடப்பது. டைம் டேபிளுக்குள் அது வரவில்லை.

டைம் டேபிளுக்குள் வந்தது வேறு. 1970-களின் இறுதியில் 'சமூகப் பயனுள்ள ஆக்க வேலை' என்ற பாடம் வந்தது. எஸ்.யு.பி.டபிள்யு. என்ற அந்த நான்கு எழுத்துக்களுக்கு 'பயனுள்ள சில பீரியடுகள் வீண்' என்ற பொருளில் மாணவர்களே ஆங்கிலத்தில் புது விரிவாக்கம் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாடம் தூண்டிய உருப்படியான படைப்பு இந்தச் சிலேடை ஒன்றுதான் என்று சொல்பவர்கள் உண்டு. 2009-ல் சி.பி.எஸ்.இ. தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. ஒரே பரீட்சையின் பயத்தைக் குறைப்பது நோக்கம். ப்ராஜெக்டுகளுக்கும் மார்க் உண்டு என்று ஆனதும் மேலே சொன்ன ஸ்டேஷனரி கடைகளில் கூட்டம் அலைமோதியது. மார்க் வரும் இடத்தில் பெற்றோர் வருவார்கள். பெற்றோர் வரும் இடத்தில் கடை வரும். 2017-ல் அந்த முறை கைவிடப்பட்டது. கடைகள் தொடர்கின்றன.

ஆகவே இந்தப் பீரியடுக்கு முதல் விதி, மார்க் இல்லை என்பதாக இருக்க வேண்டும். இரண்டாவது விதி, வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. வகுப்பில் ஆரம்பித்து வகுப்பிலேயே முடிய வேண்டும். அப்போதுதான் அம்மாவின் பசை, அப்பாவின் பிரிண்டர் எல்லாம் கணக்கிலிருந்து விலகும். நகரத்துக் குழந்தையும் கிராமத்துக் குழந்தையும் ஒரே கோட்டில் நிற்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

மூன்றாவது விஷயம் ஆசிரியரின் வேலை. இந்த ஒரு மணி நேரத்தில் அவர் நாற்காலியில் சாய்ந்து விடைத்தாள் திருத்தலாம் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. வழக்கமான பாடத்தைவிட இது கஷ்டம். எடுத்த எடுப்பில் "என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால் பாதி வகுப்பு "தெரியல சார்" என்று நெளியும். மீதிப் பாதி, சாருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லும். "கிரிக்கெட்" என்பான் ஒரு பையன். அது கேள்வி அல்ல, ஆசை. "பந்து பழசானால் ஏன் வேறு மாதிரி திரும்புகிறது?" என்பது கேள்வி. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு அவனை நகர்த்துவதில்தான் ஆசிரியரின் சாமர்த்தியம் இருக்கிறது. அதற்குப் பதில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "எனக்கும் தெரியாது, பார்க்கலாம்" என்று சொல்லத் தெரிந்தால் போதும். இந்திய ஆசிரியர் பயிற்சியில் இந்த வாக்கியம் கற்றுத்தரப்படுவதில்லை.

முழுச் சுதந்திரம் என்றும் அர்த்தம் இல்லை. டோட்டோ-சான் புத்தகத்தைத் தமிழில் படித்தவர்களுக்கு டோக்கியோவின் அந்த ரயில் பெட்டி வகுப்பறை மறந்திருக்காது. அந்தப் பள்ளியின் ஆசிரியை அன்றைய பாடங்கள் எல்லாவற்றையும் காலையிலேயே எழுதிப் போட்டுவிடுவார். எதை முதலில் செய்வது என்பது மட்டும் குழந்தையின் இஷ்டம். இவ்வளவு சின்னச் சுதந்திரத்திலேயே எந்தக் குழந்தைக்கு எதில் நாட்டம் என்று ஆசிரியைக்குத் தெரிந்துவிட்டது. பணம் செலவில்லை, கருவி தேவையில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் 2024-25 கணக்கில்கூட ஒரே ஆசிரியரோடு ஓடும் நாட்டில் இந்த மாதிரிச் சிக்கனமான வழிகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

சிக்கனமில்லாத வழிகளும் இருக்கின்றன. நிதி ஆயோக் 2016-லிருந்து நடத்திவரும் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை மானியம். முப்பரிமாண பிரிண்டர், ரோபோ பாகங்கள் எல்லாம் உண்டு. 10,000 பள்ளிகளுக்குப் போயிருக்கிறது; 2025 பட்ஜெட்டில் ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 என்று அறிவிப்பு. நல்ல காரியம்தான். ஆனால் பெட்டியைத் திறந்தால் ரோபோ பாகம்தான் இருக்கிறது என்றால் எல்லாக் குழந்தைக்கும் ரோபோதான் ஆசை என்று ஆகிவிடும். கோலத்தின் புள்ளிக் கணக்கை ஆராய ஆசைப்படும் பெண்ணுக்கு அந்த அறையில் இடம் இருக்கிறதா என்பதே சோதனை. மறுபக்கம், லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் இன்டர்நேஷனல் பள்ளிகளில் மாணவனே தலைப்பைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் உழைக்கும் சொந்த ப்ராஜெக்ட் பாடத்திட்டத்தின் அங்கமாகவே இருக்கிறது. கேள்வி கேட்கும் உரிமை ஃபீஸ் கட்டுபவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. மிச்சமிருப்பவர்களுக்கு எப்போது என்பதுதான் விவகாரம்.

பம்பாயில் 1908 வாக்கில் சலீம் அலி என்ற சிறுவன் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டான். கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டான். மாமாவுக்குத் தெரியவில்லை, "சும்மா கிட" என்று சொல்லாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், பறவைகளைப் பாடம் செய்து வைத்திருந்த அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். இந்தியாவின் பறவையியல் அந்த அலமாரிகளிலிருந்து கிளம்பியது. சலீம் அலி மேதை என்பது சரி. ஆனால் அன்றைக்கு அவன் வெறும் ஒரு கேள்வியோடு வந்த பையன். அவனுக்குக் கிடைத்தது இரண்டு பெரியவர்களின் பொறுமை, ஒரு பிற்பகல் நேரம், திறந்த அலமாரி. நல்ல குடும்பத்தில் பிறந்த அதிர்ஷ்டத்தால் கிடைத்தவை அவை.

அந்த அதிர்ஷ்டத்தைப் பொதுவாக்குவதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. எல்லோரும் சலீம் அலி ஆகப் போவதில்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருபது பேரின் ஆராய்ச்சி பாதியில் நிற்கும். சிலர் கண்டுபிடித்தது தப்பாக இருக்கும். ஒருத்தி வருஷம் முழுவதும் எறும்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது எங்கே போகுதுன்னு கண்டுபிடிக்க முடியல" என்று வகுப்பின் முன்னால் நின்று சொல்வாள். தனக்குத் தெரியாதது எது என்று துல்லியமாகத் தெரிந்த ஒரு குழந்தை அது. வருஷத்துக்கு 30 மணி நேரத்துக்கு அது நல்ல வரவுதான். ஸ்டேஷனரி கடையில் அதற்கு சார்ட் கிடைக்காது.